பதினாலாம் ஜாயிண்ட்

இப்படி வந்து உக்காருங்க சார், அந்தப் பக்கம் வெயில் ஏறிடும். நோட்டரி கையெழுத்துக்கா வந்தீங்க? அவரு பதினோரு மணிக்கு முன்னாடி வர மாட்டாரு. நான் எட்டு மாசமா வாய்தாவுக்கு இந்தக் கோர்ட்டுக்கு நடக்குறேன், இங்க யாரு எப்ப வருவாங்கன்னு எனக்கு அத்துப்படி.

என் கேஸா? ரெண்டு கேஸு சார். கையை உடைச்சதுன்னு ஒண்ணு, அஜாக்கிரதையால மரணம்னு ஒண்ணு. ரெண்டுலயும் என் பேருதான். சவரிமுத்து, வயசு அம்பத்திரண்டு, துவாக்குடி பக்கம் ஒரு யார்டுல ஃபோர்மேன். பயப்படாதீங்க. நான் சும்மா இருக்குறவனை அடிக்கிற ஆளு இல்ல. அடிச்சேன்னா காரணம் இருக்கும். அந்தக் காரணத்தை இதுவரைக்கும் ஒரு ஆளு உக்காந்து கேக்கல. போலீஸு கேட்டான், எதால அடிச்சே, எத்தனை தடவை அடிச்சேன்னு. ஏன்னு கேக்கல.

இரும்புக் குழாயை வெட்டி, ஒண்ணோட ஒண்ணு வெல்டிங் வெச்சு, கூரை தாங்குற சட்டம் செய்யுற வேலை எங்களுது. டிரஸ்ஸுன்னு சொல்லுவோம். பஸ் ஸ்டாண்டுல, ரயில்வே ஸ்டேஷன்ல அண்ணாந்து பாத்தீங்கன்னா முக்கோணம் முக்கோணமா ஓடுமே, அதான். இருபத்தெட்டு வருஷம் சார். நான் யார்டுக்குள்ள நுழைஞ்சா ரேடியோ நிக்கும். அவ்வளவு பயம். பயம் இருந்தாத்தான் ஜாயிண்டு நேரா வரும். நான் பாத்த வரைக்கும் அப்படித்தான்.

போன ஐப்பசியில ஒரு ஆர்டர் வந்துச்சு. விளையாட்டு அரங்கத்துக்குக் கூரை. நடுவுல ஒரு தூண் கூடக் கிடையாது, மொத்தமும் குழாய் டிரஸ்ஸு. அதுக்குன்னு புதுக் குழாய் இறக்கினாங்க. நாம பாக்குற சாதாரணக் குழாயை விட ரெண்டு மடங்கு பலமாம், அதனால பாதி கனம் போதுமாம். தட்டிப் பாத்தேன், வெண்கலம் மாதிரி சத்தம் வந்துச்சு. நல்லாத்தான் இருந்துச்சு. கூடவே ஒரு பேப்பரும் வந்துச்சு பாருங்க, அதுலதான் எனக்குப் பத்திக்கிச்சு.

வெல்டிங் வைக்குறதுக்கு முன்னாடி குழாயைச் சூடு பண்ணணுமாம், நூத்தி இருபது டிகிரி. ரொம்பவும் ஏத்திடக் கூடாதாம், ஏத்தினா அந்த இடம் பலம் கெட்டுடுமாம். வெல்டிங் ராடை ஓவன்ல காய வெச்சு சுடச்சுட எடுக்கணும், ஒரு பொட்டு ஈரம் ஆகாது. வெச்ச ஜாயிண்டுக்குக் கம்பளி போத்தி மெதுவா ஆற விடணும். அதுக்கப்புறம் நாப்பத்தெட்டு மணி நேரம் தொடாம இருந்து, பெறகுதான் மிஷினை வெச்சு உள்ள வெடிப்பு இருக்கான்னு பாக்கணும். பிள்ளை பெத்தவளுக்குக் கூட எங்க வீட்ல இவ்வளவு பக்குவம் பாக்கல சார். என் வீட்டுக்காரி மூணாம் நாளே தண்ணி தூக்கினா.

இன்னாசிதான் அந்தப் பேப்பரை ரெண்டு தடவை படிச்சான். என் தங்கச்சி ஜெசிந்தாவைக் கட்டினவன். எங்க யார்டுல அவன் கைக்கு மேல கை கிடையாது, அதையும் சொல்லிடுறேன். அவன் வெச்ச வெல்டிங்கைப் பாத்தா மெஷின்ல தைச்ச தையல் மாதிரி இருக்கும். பேச மாட்டான். நாலு வார்த்தை கேட்டா ஒரு வார்த்தை சொல்லுவான். அன்னிக்கு அவனே வந்து சொன்னான்.

"மச்சான், இது நம்ம பழைய இரும்பு மாதிரி இல்ல. ஈரம் உள்ள போயிடுச்சுன்னா அங்கேயே உக்காந்துக்கும். வெளிய ஒண்ணும் தெரியாது. ஆறி ரெண்டு நாள் கழிச்சு வெடிக்கும்."

"ரெண்டு நாள் கழிச்சு வெடிக்க அது என்னடா, தீபாவளி வெடியா?"ன்னேன். சுத்தி இருந்தவங்க சிரிச்சாங்க. அவன் சிரிக்கல.

அந்த மாசம் விடாத மழை. ஷெட்டுக் கூரை ஒழுகுது, தரையெல்லாம் தண்ணி. ஓவன் வேற ஷார்ட்டாகி நின்னு போச்சு. நான் என்ன பண்ணுவேன்? ராடு பெட்டியை உடைச்சு அப்படியே எடுத்துக் குடுத்தேன். சூடு பண்ற வேலைக்கு சின்னப்பன்னு ஒருத்தன், நாப்பது வயசு ஆளு, கேஸ் டார்ச்சைப் புடிச்சுக்கிட்டு ஒரு ஜாயிண்டுக்குக் கால் மணி நேரம் நிக்கிறான். போதும்டான்னேன். "இன்னும் சூடு ஏறலண்ணே, செக்கிங் மேடம் திட்டுவாங்க"ன்னான். எனக்கு மேல அவனுக்கு ஒரு மேடம். விட்டேன் ஒரு அறை. கண்ணாடி உடைஞ்சு கண்ணுக்குக் கீழ கிழிச்சிடுச்சு. மூணு தையல்தான். ஆனா அதுக்கப்புறம் ஜாயிண்டுக்கு ரெண்டு நிமிஷத்துல சூடு முடிஞ்சுது. பாத்தீங்களா?

மேடம்னா வயசானவங்க இல்ல. பொன்னரசின்னு விருதுநகர் பக்கத்துப் பிள்ளை, இருபத்தெட்டு வயசு இருக்கும். அரங்கம் கட்டுறவங்க வேலையைச் செக் பண்ண அனுப்பின ஆளு. சத்தமாப் பேசாது. கையில மஞ்சச் சாக்பீஸு. நான் வெல்டிங் வெச்ச அன்னிக்கே பாக்கச் சொன்னேன். முத்து மாதிரி இருந்துச்சு சார், நான் என் கண்ணால பாத்தேன். "ரெண்டு நாள் ஆகட்டும் சார்"னு போயிடுச்சு. மூணாம் நாள் மிஷினோட வந்து இருபத்திரண்டு ஜாயிண்டையும் பாத்துச்சு. ஒம்பதுல வட்டம் போட்டுச்சு. வெடிப்பாம்.

முந்தாநாள் இல்லாத வெடிப்பு இன்னிக்கு எங்கேருந்து வந்துச்சுன்னு கேட்டேன்.

"ராடை எந்த ஓவன்ல வெச்சு எடுத்தீங்க சார்?"

"ஓவன் ரிப்பேரு."

"அப்ப வேலையை நிறுத்தியிருக்கணும். இந்த ஒம்பதையும் வெட்டி எடுத்துட்டுப் புதுசா வைங்க."

முப்பது பேரு பாத்துக்கிட்டு நிக்கிறான். இருபத்தெட்டு வருஷ சர்வீஸு. இருபத்தெட்டு வயசுப் பிள்ளை சொல்லுது, வெட்டி எடுன்னு. பொம்பளைங்க மேல நான் கை வைக்க மாட்டேன் சார், அது என் பழக்கம் இல்ல. வீட்ல நடக்குறது வேற, அது குடும்பம். கையில கசடு தட்டுற சுத்தியல் இருந்துச்சு, அதை வீசினேன். அது தலைக்கு ஒரு சாண் தள்ளி, தகரச் சுவத்தைப் பொத்துக்கிட்டு வெளிய போச்சு. ஒரு சாண். குறி பாத்துத்தான் வீசினேன், தலையில பட்டிருந்தா நான் மனுஷனா? அந்தப் பிள்ளை மூஞ்சி வெளுத்துப் போச்சு. ஆனா போகல சார். கீழ விழுந்த சாக்பீஸை எடுத்து, பாதியில விட்ட வட்டத்தை முழுசாப் போட்டுட்டுத்தான் போச்சு. கொழுப்பு.

எட்டு ஜாயிண்டை வெட்டி மறுபடி வெச்சோம். இன்னாசி ராத்திரி பகல் பாக்காம வெச்சான். ஓவனை அவனே பிரிச்சு சரி பண்ணிட்டான், தெரியுங்களா? அதை எட்டு நாள் முன்னாடியே பண்ணியிருக்கலாமில்ல. கேட்டேன். "நீங்க நிறுத்த விடலியே மச்சான்"னான். அதுக்கும் ஒண்ணு குடுத்தேன், பிடரியில.

மிச்சம் இருந்தது பதினாலாம் நம்பர். கீழ்க்குழாயில நாலு குழாய் வந்து சேர்ற இடம், மீன் வாய் மாதிரி வெட்டி ஒண்ணுக்குள்ள ஒண்ணு உக்காந்திருக்கும். அதை வெட்டணும்னா பாதி டிரஸ்ஸைப் பிரிக்கணும். அஞ்சு நாள் வேலை. வியாழக்கிழமை மேனேஜர் போன் பண்ணாரு. "சனிக்கிழமை டிரெய்லர் வருது, எப்படியோ முடிச்சுடுங்க சவரி"ன்னாரு. எப்படியோன்னா என்ன அர்த்தம்? நீங்களே சொல்லுங்க. பொன்னரசி வேற ஏதோ மீட்டிங்குன்னு மெட்ராஸ் போயிருந்துச்சு. நான் இன்னாசியைக் கூப்பிட்டேன்.

"பதினாலுல மேல கிரைண்டர் போட்டு வெடிப்பை மறை. மெல்லிசா ஒரு சுத்து வெல்டிங் ஓட்டு. பெயிண்டை அடி."

"மாட்டேன் மச்சான்."

எனக்குக் காது கேக்கலையோன்னு நெனச்சேன். பதினெட்டு வருஷத்துல அவன் என்கிட்ட சொன்ன முதல் மாட்டேன் அது.

"வெளிய மூடினா உள்ள இருக்குறது போயிடாது. இது கூரை. கீழ பிள்ளைங்க விளையாடும்"னான். அவனுக்கு ஒரு பொண்ணு, ஏழாவது படிக்குது. கபடி ஆடும். அதனால சொல்றான்னு நெனைக்கிறேன்.

சட்டையைப் புடிச்சு இழுத்து, அவன் மூஞ்சியைக் கொண்டுபோய் அந்தக் குழாய் மேலேயே மோதினேன். ஒரு தடவை இல்ல, ரெண்டு தடவை. ணங்குன்னு சத்தம் வந்துச்சு, குழாயில இருந்தா அவன் மண்டையில இருந்தான்னு தெரியல. மூக்கு உடைஞ்சிடுச்சு. "ஜெசிந்தா வீட்ல அடுப்பு எரியறது என்னாலடா"ன்னேன். "நான் சேத்து விட்ட வேலைடா இது"ன்னேன். அவன் திருப்பி அடிக்கல. நிமிர்ந்து பாத்தான், அவ்வளவுதான். முகமூடியை மாட்டிக்கிட்டு உக்காந்து வெச்சான். முகமூடிக்குக் கீழ ரத்தம் சொட்டி, சூடான இரும்புல விழுந்து சுர்ரு சுர்ருன்னுச்சு. அந்த நெடி இருக்கே சார், இன்னும் எனக்குச் சோத்துல அடிக்குது. வெச்சு முடிச்சான். அதுவும் தையல் மாதிரிதான் இருந்துச்சு. அவனுக்குக் கெட்ட வெல்டிங் வைக்கவே தெரியாது.

அதோட விட்டிருந்தா ஒண்ணும் இல்ல. மறுநாள் வெள்ளிக்கிழமை காலையில பொன்னரசி எனக்குப் போன் பண்ணுது. "பதினாலை மூடிட்டீங்களாமே. டிரஸ்ஸைத் தூக்காதீங்க சார். நான் இன்னிக்கு ராத்திரி கிளம்பி, நாளைக்கு வந்து பாக்குறேன். மெயிலும் போட்டிருக்கேன்." யாரு சொல்லியிருப்பான்? மூடினது அவனுக்கும் எனக்கும்தான் தெரியும். என் சொந்தத் தங்கச்சி புருஷன்.

அந்தக் குழாயோட வெட்டுத் துண்டு ரெண்டடி கீழ கெடந்துச்சு. கையில எடுத்தா எடையே தெரியல, ஆனா உறுதி. அவன் டீ குடிச்சுக்கிட்டு இருந்தான். நேராப் போய் வலது மணிக்கட்டுல போட்டேன். டம்ளர் பறந்துச்சு. காய்ஞ்ச விறகு மாதிரி ஒரு சத்தம். கை மடங்காத பக்கம் மடங்கிக் கெடந்துச்சு. இன்னொண்ணு ஓங்கினேன். அவன் இடது கையைத் தூக்கித் தடுத்துக்கிட்டே, "தூக்காதீங்க மச்சான், தூக்காதீங்க"ன்னான்.

குழாயைத் தூக்காதேன்னு கெஞ்சுறான்னு நெனச்சேன் நான். அவன் டிரஸ்ஸைச் சொல்லியிருக்கான். அது எனக்கு அப்புறம்தான் தெரியும்.

சரி, உடைச்சது தப்புதான். வெல்டரோட வலது கையை உடைச்சிருக்கக் கூடாது, இடது கையை உடைச்சிருக்கலாம். ஆத்திரத்துல தோணல. ஆஸ்பத்திரிக்கு நான்தான் வண்டி வெச்சு அனுப்பினேன், அதை எந்தப் பேப்பர்லயும் எழுதல பாருங்க.

சனிக்கிழமை காலையில பத்து மணிக்கு டிரெய்லர் வந்துச்சு. மெயிலைப் பத்தி மேனேஜர்கிட்டச் சொன்னேன், "நான் இன்னும் பாக்கலையே"ன்னாரு. அப்ப தூக்குன்னு அர்த்தம். இருபத்தி நாலு மீட்டர் டிரஸ்ஸு. நாலு இடத்துல பெல்ட்டு மாட்டித் தூக்கணும்னு படம் போட்டிருந்தாங்க. எங்ககிட்ட நீள பெல்ட்டு ரெண்டுதான் இருந்துச்சு. இருபத்தெட்டு வருஷமா ரெண்டுலதான் தூக்குறோம். தூக்கினோம். டிரஸ்ஸு ஆடாம இருக்க, கீழ்க்குழாயில கட்டின கயித்தைப் புடிச்சுக்கிட்டு ஒருத்தன் கூட நடக்கணும். எவனும் வரல. ஒருத்தன் மூஞ்சியை ஒருத்தன் பாக்குறான். "பொட்டப் பசங்களா"ன்னு நானே கயித்தைப் புடிச்சேன். அண்ணாந்து பாத்தா பதினாலாம் நம்பர் நேர் தலைக்கு மேல. பெயிண்டு அடிச்சு அழகா இருந்துச்சு.

கேட்டுப் பக்கம் இருந்து இன்னாசி ஓடி வர்றான். கையில மாவுக்கட்டு, மூக்கு மேல பஞ்சு. பின்னாடியே அந்தப் பிள்ளை பொன்னரசி. ரெண்டும் ஏதோ கத்துதுங்க, கிரேன் சத்தத்துல கேக்கல. எனக்கு என்ன தோணும்? நேத்து கையை உடைச்சிருக்கேன், இன்னிக்கு ஆளைக் கூட்டிக்கிட்டு வர்றான். நான் கயித்தை விடல. வாடா பாத்துக்கலாம்னு நின்னேன்.

மேல ஒரு சத்தம். துப்பாக்கி வெடிச்ச மாதிரி ஒண்ணே ஒண்ணு. அதே நேரத்துல அவன் வந்து என் மேல விழுந்தான். மாவுக்கட்டுக் கையும் நல்ல கையும் சேர்த்து, ரெண்டு கையாலயும் என் நெஞ்சுல அடிச்சான் சார். என்ன பலம்! நான் ஆறடி தள்ளிப் போய், ஸ்கிராப் குவியல்ல விழுந்து, விலா எலும்பு ரெண்டு உடைஞ்சுது. எழுந்து பாக்குறேன், டிரஸ்ஸு ரெண்டாப் பிளந்து ஒரு பாதி தொங்குது, ஒரு பாதி கீழ கெடக்கு. அவன் அதுக்கு அடியில.

கீழ்க்குழாய் அவன் நெஞ்சுக்குக் குறுக்க கெடந்துச்சு. பாதி கனம்னு சொன்னாங்களே, அந்தக் குழாய். ஏழு பேரு சேர்ந்தும் அசைக்க முடியல. வாய்ல ரத்தம் நுரை நுரையா வந்துச்சு. பொன்னரசி மண்டியிட்டு அவன் தலையைப் புடிச்சுக்கிட்டு இருந்துச்சு. நான் எழுந்து, விலாவைப் புடிச்சுக்கிட்டு கிட்டப் போனேன். அவன் என்னை மேலேருந்து கீழ வரைக்கும் ஒரு தடவை பாத்தான். கை காலு எல்லாம் இருக்கான்னு எண்ணுற மாதிரி. அப்புறம் கண்ணு மூடிக்கிச்சு. கிரேனை மறுபடி மாட்டிக் குழாயை எடுக்குறதுக்குள்ள போயிட்டான்.

ஜெசிந்தா ஆஸ்பத்திரியில வெச்சு என்னைச் செருப்பால அடிச்சா. எத்தனை அடின்னு தெரியாது. உடைஞ்ச விலா மேலேயே அடிச்சா. நர்ஸுங்க புடிச்சு இழுத்தாங்க, விடுங்கம்மான்னேன். தங்கச்சிதானே. வாங்கிக்கிட்டேன். அதுக்கப்புறம் ஒரு வார்த்தை கிடையாது. அடக்கத்துக்கு வந்தவனைக் கல்லறை வாசல்லயே நிறுத்திட்டாங்க. அந்தப் பொண்ணு, கபடி ஆடுற பிள்ளை, "மாமாவை உள்ள விடாதீங்க"ன்னு சொல்லிச்சாம்.

இன்னிக்குச் சாட்சி விசாரணை. மொதல்ல ஜெசிந்தா, அப்புறம் பொன்னரசி. சின்னப்பன் கூட வர்றானாம், மூணு தையல் போட்டதைச் சொல்றதுக்கு. எல்லாம் சொல்லட்டும். நான் அடிச்சது எல்லாம் எழுதியிருக்கு. மணிக்கட்டு, மூக்கு, பிடரி, எதையும் விடல. அவன் என்னை அடிச்சதை மட்டும் எவனும் எழுதல சார். ரெண்டு விலா. எக்ஸ்ரே இருக்கு என்கிட்ட. அதை வக்கீல்கிட்டக் குடுத்தேன், திருப்பித் திருப்பிப் பாத்துட்டு, "இதைக் கோர்ட்டுல காட்ட வேண்டாம் சவரி, நமக்குத்தான் கேடு"ன்னு திருப்பிக் குடுத்துட்டாரு. ஏன் கேடுன்னு கேட்டா வேற கேஸு கட்டைப் பிரிக்க ஆரம்பிச்சுட்டாரு.

பொன்னரசி வாக்குமூலத்துல வேற மாதிரி எழுதியிருக்கு. சத்தம் கேட்டதும் மத்தவங்க எல்லாம் வெளிய ஓடினாங்களாம், அவன் ஒருத்தன்தான் உள்ள ஓடினானாம். என்னைக் காப்பாத்தத்தான் தள்ளினானாம். வக்கீலும் அதைத்தான் நம்புறாரு போல. ஜெசிந்தாவும் நம்புறா. நான் எட்டு மாசமா யோசிச்சுப் பாக்குறேன் சார், எனக்குப் பிடிபடல. முந்தின நாள்தான் கையை உடைச்சிருக்கேன். அதுக்கு முந்தின நாள் மூக்கை உடைச்சிருக்கேன். அப்படி அடி வாங்கினவன் எதுக்கு சார் உள்ள ஓடி வர்றான்?

நான் அவன் இடத்துல இருந்தா வெளியதான் ஓடியிருப்பேன். ஓடக் கூட மாட்டேன். கேட்டுகிட்ட நின்னு பாத்துக்கிட்டு இருந்திருப்பேன்.

என்ன சார், எழுந்துட்டீங்க? நோட்டரி இன்னும் வரலையே.